மாத்திரையும் ஓடுது, செக்கிங் வேலைக்கும் போலாமா டாக்டர்?

கேள்வி:

வணக்கங்க டாக்டர். எனக்கு 46 வயசு, திருப்பூர், படிக்கற பையன் இருக்கான். எக்ஸ்போர்ட் பனியன் கம்பெனில செக்கிங் வேலை, பல வருஷமா ஒரே கம்பெனிதான். 2020ல இடது மார்புல கட்டின்னு ஆபரேஷன், கீமோ, கரண்ட் (ரேடியேஷன்) எல்லாம் முடிச்சு நல்லாத்தான் இருந்தேன். போன வருஷம் முதுகு வலின்னு போனா எலும்புக்குப் பரவிருச்சுன்னு சொல்லிட்டாங்க, முதுகெலும்புலயும் இடுப்பெலும்புலயும். முதுகுக்கு கரண்ட் வெச்சதுல வலி இப்ப பெருசா இல்லைங்க. கேன்சருக்கு லெட்ரோசோல், பால்போசிக்ளிப்னு ரெண்டு மாத்திரை சாப்பிடறேன், எலும்புக்கு ஊசி போடறாங்க. கடைசி ஸ்கேன்ல அப்படியேதான் இருக்குது, நார்மலா இருங்கன்னு டாக்டர் சொன்னார். அந்த நார்மல் எப்படின்னுதான் தெரியல. வீட்ல உக்காந்து உக்காந்து பைத்தியம் புடிக்குது. சூப்பர்வைசர் போன் பண்ணி எப்பக்கா வர்றீங்கன்னு கேக்கறார், வீட்டுக்காரர் வேண்டாங்கறார், மாமியார் ஒரு தட்டு கூட கழுவ விடறதில்ல. போன மாசம் சொந்தத்துல ஒரு கல்யாணத்துக்குப் பட்டுச்சேலை கட்டி பூ வெச்சுட்டுப் போனேன், கேன்சர்னு சொன்னாங்க இவளைப் பாருன்னு காதுபடவே பேசினாங்க, சாப்பிடாமயே வந்துட்டேன். வேலைக்குப் போலாமா, கம்பெனில சொல்லணுமா, சாயங்காலம் கடைல நின்னு ஒரு டீயும் பஜ்ஜியும் சாப்பிட்டா தப்பா, பழனிக்குப் படியேறி வர்றேன்னு வேண்டுதல் ஒன்னு இருக்குது அது முடியுமா? நெட்ல பாத்தா ரெண்டு வருஷம்னு போட்டிருக்குது. வீட்டுக்காரர் இப்பல்லாம் ஹால்லதான் படுக்கறார், அதை யார்கிட்ட கேக்கறதுன்னும் தெரியல.

பதில்:

அக்கா, வேலைக்குப் போலாம். சில கண்டிஷனோட போலாம், அந்த கண்டிஷனை எல்லாம் உங்க எலும்பும் ரத்த கவுண்ட்டும்தான் போடணும், மாமியாரோ கல்யாண வீட்ல பேசினவங்களோ இல்ல. உங்க டாக்டர் நார்மலா இருங்கன்னு ஒரே வரில முடிச்சுட்டார், ஓபில நூறு பேர் வெளிய நிக்கும்போது நாங்க எல்லாருமே அப்படித்தான் முடிக்கறோம், அதனால அவர் சொல்லாம விட்டதை நான் கொஞ்சம் நீட்டி சொல்றேன்.

முதல்ல அந்த ரெண்டு வருஷத்தை எடுத்துக்கலாம், ஏன்னா அது மண்டைக்குள்ள உக்காந்திருந்தா நான் வேற என்ன சொன்னாலும் காதுல விழாது. நீங்க சாப்பிடற இதே ரெண்டு மருந்தை வெச்சு 666 பெண்கள்கிட்ட ஒரு பெரிய ஆய்வு பண்ணினாங்க, 2016ல ரிசல்ட் வந்துச்சு. லெட்ரோசோல் மட்டும் சாப்பிட்டவங்களுக்கு நோய் அடங்கியிருந்த காலம் நடுவாந்தரமா 14.5 மாசம், பால்போசிக்ளிப்பும் சேத்து சாப்பிட்டவங்களுக்கு 24.8 மாசம். நெட்ல நீங்க பாத்த ரெண்டு வருஷம் அனேகமா இந்த 24.8தான். இது ஆயுசு கணக்கு இல்லைங்க. இந்த ஜோடி மாத்திரை எவ்வளவு நாள் நோயை நகர விடாம வெச்சிருக்குதுங்கற கணக்கு, அதுலயும் பாதிப் பேருக்கு அதுக்கு மேலயே தாங்கியிருக்குது. இது வேலை செய்யறது நின்னா அடுத்த மருந்து இருக்கு, மாத்திரையும் இருக்கு ஊசியும் இருக்கு, அதுக்கப்புறம் கீமோவும் இருக்கு. அதே ஆய்வுல இந்த ஜோடி சாப்பிட்டவங்கள்ல பாதிக்கு மேல நாலு வருஷம் தாண்டி இருந்தாங்க. நோய் அடியோட போயிரும்னு நான் சொல்ல மாட்டேன், எலும்புக்கு வந்ததுக்கு அப்புறம் அப்படிச் சொல்றவங்களை நம்பவும் வேண்டாம், அப்படிச் சொல்லி லேகியம் விக்கறவங்களை வாசப்படியே மிதிக்க விடாதீங்க. ஆனா இடையில இருக்கற காலம் வருஷக்கணக்குல வரலாம், அதுல நீங்க என்ன பண்ணப் போறீங்கங்கறதுதான் இப்ப கேள்வி.

சுகர் பிரஷர் மாதிரி தினம் மாத்திரை சாப்பிட்டா போதும்னு சில டாக்டர்கள் தைரியம் சொல்லுவாங்க. பாதி சரி. சுகருக்கு மூணு மாசத்துக்கு ஒருக்கா ஸ்கேன் எடுத்துட்டு ரிப்போர்ட் வர்ற வரைக்கும் யாரும் தூங்காம கெடக்கறதில்ல. உங்களுக்கு அந்த வாரம் வரும், அப்ப எரிச்சல் வரும், கை வேலை ஓடாது, புள்ளைங்க மேல கோபம் வரும், அது உங்க குணக்கேடு இல்ல. வேலைக்குப் போக ஆரம்பிச்சதுக்கு அப்புறமும் ஸ்கேன் எடுக்கற நாளும் ரிசல்ட் வாங்கற நாளும் லீவு போட்டுக்கங்க, காலைல ஸ்கேன் மத்தியானம் ஷிப்ட்னு ஓடாதீங்க.

இப்ப எலும்பு. இடுப்பெலும்புலன்னு எழுதியிருக்கீங்க, அதுல எந்த இடம்ங்கறது ரொம்ப முக்கியம். இடுப்புக் கூட்டு எலும்புல தட்டையான பாகத்துல ஒரு புள்ளி இருக்கறதும், தொடை எலும்பு இடுப்புல வந்து மாட்டுதே அந்தக் கழுத்துப் பகுதில இருக்கறதும் ஒன்னு இல்ல. இரண்டாவது இடம்னா ஒடம்போட வெயிட் பூரா அது மேலதான் எறங்கும், சாதாரணமா தடுக்கி விழுந்தாலே ஒடைஞ்சு போக வாய்ப்பு இருக்கு, சிலருக்கு முன்கூட்டியே உள்ள ராடு வெச்சு பலப்படுத்துவாங்க. அதனால அடுத்த ஓபில ஸ்கேன் படத்தையும் ரிப்போர்ட்டையும் கைல வெச்சுகிட்டு டாக்டர் எதிர்ல உக்காந்து ரெண்டே கேள்வி கேளுங்க: எலும்பு ஒடையற ரிஸ்க் இருக்கா, நான் எத்தனை கிலோ வரைக்கும் தூக்கலாம். பாத்துக்கங்க, ஜாக்கிரதையா இருங்கன்னு சொன்னா விடாதீங்க, கிலோ கணக்குல கேளுங்க. முடிஞ்சா அதை ஓபி சீட்டுலயே எழுதி வாங்கிடுங்க, அந்த சீட்டுக்கு கம்பெனில என்ன மதிப்புன்னு கீழ சொல்றேன்.

வலி இப்ப இல்லங்கறது சந்தோஷம். ஆனா முதுகுல புதுசா ஒரு வலி, படுத்தா அதிகமாகற வலி, கால் மரத்துப் போறது, கால்ல பலம் கொறையறது, யூரின் வராம நிக்கறது இல்ல தெரியாம போயிடறது, இதுல எது வந்தாலும் மறுநாள் பாக்கலாம்னு தள்ளாம அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் போகணும். தண்டுவட நரம்பை எலும்பு அமுக்குதுன்னா அன்னைக்கே வைத்தியம் பாத்தாத்தான் கால் நடை மிஞ்சும், ரெண்டு நாள் தைலம் தேச்சுப் பாக்கற வேலை இதுல ஆகாது. அப்புறம் முதுகு புடிச்சிருக்குன்னு வர்மம், மசாஜ், சுளுக்கு வழிக்கறது எதுவும் வேண்டாம், எவ்வளவு கைராசிக்காரரா இருந்தாலும் சரி.

சரி, செக்கிங் டேபிளுக்கு வருவோம். திருப்பூர்ல இருந்து என்கிட்ட வர்றவங்க சொல்லிச் சொல்லி அந்த டேபிளே எனக்கு மனப்பாடம். ஒரு பீஸ் எடுத்து உள்பக்கம் திருப்பி, தையல் ஓடியிருக்கற எடமெல்லாம் கையால தடவி, கறை ஓட்டை பாத்து, பிசிறு வெட்டி, டேமேஜ் இருந்தா ஸ்டிக்கர் ஒட்டி தள்ளி வெச்சுட்டு அடுத்த பீஸ். இதுல கண்ணும் கையும்தான் வேலை, உங்க நோய் அதுக்கு ஒன்னும் குறுக்க நிக்கல. குறுக்க நிக்கறது மூணு விஷயம். நாள் பூரா நின்னுகிட்டே பாக்கறது, பாத்த பீஸையெல்லாம் பண்டல் கட்டி பக்கத்து டேபிளுக்கு தூக்கிட்டுப் போறது, ஷிப்மென்ட் நெருங்கினா ஒன்னரை ஷிப்ட்டுக்கு நிறுத்தி வெச்சுடறது.

நிக்கறதுக்கு ஒரு உயரமான ஸ்டூல் கேளுங்க, அரை மணி நேரம் உக்காந்து பாருங்க கொஞ்ச நேரம் நில்லுங்க, நாள் பூரா உக்காந்தே இருந்தாலும் முதுகு புடிச்சுக்கும். பண்டலைத் தொடவே வேண்டாம், அதை ஹெல்பர் பையன் எடுத்துட்டுப் போகட்டும், பக்கத்துல இருக்கறவங்க ஒரு கை புடிங்கக்கான்னு கூப்பிட்டா கூச்சப்படாம முடியாதுன்னு சொல்லணும், இதுதான் நம்ம ஊர்ப் பொம்பளைங்களுக்கு இருக்கறதிலேயே கஷ்டமான எக்ஸர்சைஸ். ஒன்னரை ஷிப்ட் கிடையவே கிடையாது, எத்தனை பாக்ஸ் போகணும்னாலும் சரி. பீஸ் ரேட்ல இருந்தீங்கன்னா தயவுசெஞ்சு ஷிப்ட் கணக்குக்கு மாத்திக் கேளுங்க, பீஸ் ரேட்ல உக்காந்துட்டா சனிக்கிழமை சம்பளத்தை நெனச்சு கை தானா வேகம் புடிக்கும், டாக்டர் சொன்னதெல்லாம் அப்ப ஞாபகத்துல நிக்காது.

இடது பக்க அக்குள்ல நெறிக்கட்டி எடுத்திருப்பாங்க இல்லைங்களா, அந்தக் கைல பிசிறு வெட்டற கத்தரி பட்டு சின்னக் கீறல் விழுந்தாக்கூட சோப்புப் போட்டு கழுவி மருந்து வைங்க. கை செவந்து வீங்கி சூடா இருந்தா டாக்டர்கிட்ட காட்டிருங்க, மோதிரம் திடீர்னு இறுகுச்சுன்னாலும் காட்டணும். அயர்னிங் பக்கத்துல எடம் குடுத்தா வேண்டாம்னு சொல்லுங்க. லெட்ரோசோல் சாப்பிடற நெறையப் பேருக்கு திடீர் திடீர்னு ஒடம்புல ஒரு சூடு கெளம்பி வேர்த்துக் கொட்டும், அதோட ஸ்டீமும் சேந்தா மனுஷி நிக்க முடியாது. ஃபேனுக்கு நேரா இருக்கற டேபிள்தான் உங்களுக்கு. காலைல எந்திரிச்சதும் விரலெல்லாம் மடக்க முடியாம இருக்குதுன்னா அதுவும் அனேகமா லெட்ரோசோல்தான், நோய் கூடிருச்சுன்னு பயப்பட வேண்டாம், கைய நகர்த்த நகர்த்த சரியாகும், அதுக்காகவே முதல் ஷிப்ட்டுக்கு அரை மணி லேட்டா வர்றேன்னு கேட்டு வாங்கலாம்.

அசதி பத்தி நீங்க எழுதல, ஆனா இருக்கும். உங்க மாமியார் நெனக்கற மாதிரி படுத்தே இருந்தா அது போகாது, இன்னும் கூடத்தான் செய்யும். கேன்சர்ல வர்ற அசதிக்கு ரெஸ்ட்டை விட நல்லா கேக்கற மருந்து நடைதான், பல ஆய்வு பாத்தாச்சு. தெனம் காலைல வெயில் ஏறறதுக்கு முன்னாடி இருபது நிமிஷம் நடங்க, அதோட தட்டையும் கழுவுங்க, மாமியார்கிட்ட டாக்டர் சொன்னார்னு என் பேர்ல பழியைப் போட்டுக்கங்க.

எப்ப ஆரம்பிக்கறதுன்னு கேட்டா, பால்போசிக்ளிப் 21 நாள் சாப்பிட்டு 7 நாள் விடற மாத்திரை, இந்த 28 நாள்ல எந்த நாள் ஒடம்பு லேசா இருக்கு எந்த நாள் கல்லைக் கட்டின மாதிரி இருக்குன்னு ஒரு ரவுண்டு காலண்டர்லயே குறிச்சு வைங்க. நெறையப் பேருக்கு மாத்திரை நிக்கற வாரம் கொஞ்சம் தெளிச்சியா இருக்கும், உங்களுக்கும் அப்படின்னா அந்த வாரத்துல முதல் நாள் போங்க. முதல் ஒரு மாசம் அரை நாள் வேலை, அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள், போதும். அது ஒத்து வந்தா ஏத்துங்க. முதல் வாரத்துலயே ஃபுல் ஷிப்ட் பாத்துட்டு ரெண்டாவது வாரம் படுத்துகிட்டா வீட்ல நாங்கதான் சொன்னோமேன்னு கதவைச் சாத்திருவாங்க, அப்புறம் தெறக்க வைக்கறது கஷ்டம். வண்டி ஓட்டிட்டுப் போகாதீங்க, முதுகெலும்புல நோய் இருக்கறவங்களுக்கு குழி மேல குழியா இருக்கற ரோட்ல ஸ்கூட்டி நல்லதில்ல, கம்பெனி வேன் வருதுன்னா அதுல முன் சீட்டு கேளுங்க, கடைசி சீட்டுதான் தூக்கித் தூக்கிப் போடும்.

வெள்ளை அணு கவுண்ட் இந்த மாத்திரைல எறங்கத்தான் செய்யும். சிபிசிங்கற ரத்த டெஸ்ட் ரிப்போர்ட்ல நம்பரைப் பாத்து பதற வேண்டாம், கீமோல எறங்கினா வர்ற அளவுக்கு ஆபத்து இதுல வர்றது கம்மி, டாக்டர் தேவைன்னா மாத்திரையைத் தள்ளி வைப்பார் இல்ல பவர் கொறைப்பார். ஆனா காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டுச்சுன்னா கைல இருக்கற பீஸை அப்படியே வெச்சுட்டு ஆஸ்பத்திரிக்குப் போகணும், ஒரு பாராசிட்டமால் போட்டு ஷிப்ட்டை முடிச்சுட்டுப் போலாம்னு உக்காரக் கூடாது. கம்பெனில பஞ்சுத் தூசிக்கும் பக்கத்துல இருமறவங்களுக்கும் சேத்து ஒரு மாஸ்க் போட்டுக்கங்க. மாத்திரையை தெனம் ஒரே நேரத்துல சாப்பிடுங்க, ஷிப்ட் மாறினாலும் மாறாத நேரமா பாத்து ராத்திரி சாப்பாட்டோட வெச்சுக்கறது சுலபம், மறந்துட்டா மறுநாள் ரெண்டா போடாதீங்க.

இஎஸ்ஐ, அதாவது சம்பளத்துல புடிக்கற தொழிலாளர் காப்பீடு, அதைப் பத்தி ஒரு வார்த்தை கூட எழுதல நீங்க. எக்ஸ்போர்ட் கம்பெனி, மாசச் சம்பளம் 21,000க்குள்ள இருந்தா கண்டிப்பா புடிச்சிருப்பாங்க. லீவுல இருந்த காலத்துக்கு சிக்னஸ் பெனிஃபிட்னு ஒரு பணம் தருவாங்க, வாங்கினீங்களா? வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் சம்பளத்துல 70 சதவீதம் வரும், அது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது என்னன்னா, கேன்சர் அவங்களோட நீண்டகால நோய் பட்டியல்ல இருக்கு, ரெண்டு வருஷம் தொடர்ந்து வேலைல இருந்து போதுமான நாள் பணம் கட்டியிருந்தா அந்த 91 நாள் முடிஞ்சதுக்கு அப்புறமும் 80 சதவீதம் கணக்குல எக்ஸ்டெண்டட் சிக்னஸ் பெனிஃபிட் உண்டு, தேவைப்பட்டா ரெண்டு வருஷம் வரைக்கும் நீட்டலாம். இதுக்கு உங்க கேன்சர் டாக்டர் சீட்டு மட்டும் பத்தாது, இஎஸ்ஐ டாக்டரோட சர்டிபிகேட் வேணும். வேலைக்குத் திரும்பும்போதும் அவங்ககிட்ட பைனல் சர்டிபிகேட் வாங்கிட்டுத்தான் போகணும். வேலை செஞ்ச நாளுக்கு பெனிஃபிட் பணம் வராது, ரெண்டையும் சேத்து வாங்கலாம்னு யாராவது யோசனை சொன்னா கேக்காதீங்க.

இன்னொன்னு, வேலையை ராஜினாமா பண்ணிட்டு வீட்ல இரும்மான்னு வீட்டுக்காரர் சொல்றதுக்குள்ள ஒரு கணக்கு மறைஞ்சு கெடக்கு. இஎஸ்ஐக்கு ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் ஒரு அரை வருஷம், அக்டோபர்ல இருந்து மார்ச் வரைக்கும் ஒரு அரை வருஷம். ஒரு அரை வருஷத்துல 78 நாளாவது உங்க பேர்ல பணம் கட்டியிருந்தாத்தான் அதுக்குத் தகுந்த பெனிஃபிட் காலத்துல, அதாவது ஏப்ரல் கணக்குக்கு அடுத்த ஜனவரில இருந்தும் அக்டோபர் கணக்குக்கு அடுத்த ஜூலைல இருந்தும், காசு கேக்க முடியும். வேலையை விட்டா இந்த சங்கிலி அறுந்துரும், நாளைக்கு வைத்தியத்துக்கு அந்தக் கார்டு தேவைப்படும்போது வெறும் அட்டையாத்தான் இருக்கும். வாரத்துக்கு மூணு நாள் விடாம போனா ஆறு மாசத்துல சரியா 78 நாள் தேறிடும், ஆனா உங்க கணக்குல இப்ப எத்தனை நாள் நிக்குதுன்னு இஎஸ்ஐ பிராஞ்ச் ஆபீஸ்ல போய் பாத்துட்டு முடிவு பண்ணுங்க, மகனை ஒருநாள் கூட்டிட்டுப் போங்க, படிக்கற பசங்களுக்கு இந்த நாள் கணக்கெல்லாம் டக்குனு புரியும். மாத்திரை விலையும் முன்ன மாதிரி இல்ல, 2023ல பேட்டன்ட் முடிஞ்சு நம்ம ஊர் கம்பெனிங்களும் பால்போசிக்ளிப் போட ஆரம்பிச்சதுல நல்லா எறங்கிருச்சு, கைக்காசு போட்டு பழைய விலைக்கு வாங்கிட்டிருந்தீங்கன்னா வேற பிராண்டு இருக்கான்னு கேட்டுப் பாருங்க.

கம்பெனில சொல்லணுமான்னா, எல்லார்கிட்டயும் வேண்டாம். ஹெச்ஆர்ல ஒருத்தர்கிட்டயும் உங்க சூப்பர்வைசர்கிட்டயும் சொல்லுங்க, ஏன்னா ஸ்டூலும் அரை ஷிப்ட்டும் பண்டல் தூக்காததும் காரணம் தெரியாம கெடைக்காது. வெளிநாட்டு பையர் ஆடிட் வர்ற கம்பெனின்னா தொழிலாளி நலன்னு ஒரு பைலே வெச்சிருப்பாங்க, டாக்டர் எழுதின சீட்டு ஒன்னு இருந்தா அவங்களுக்கும் செஞ்சு குடுக்க சௌரியம். சீட்டுல நோயோட முழுக் கதை வேண்டாம், உக்காந்து வேலை, இத்தனை கிலோவுக்கு மேல தூக்கக் கூடாது, ஓவர்டைம் இல்ல, இத்தனை நாளைக்கு ஒருக்கா ஆஸ்பத்திரி போகணும், இந்த நாலு வரி போதும். பக்கத்து டேபிள்ல கேட்டா முதுகுல பிரச்சனைங்கன்னு சொன்னாலே போதும், அது பொய்யும் இல்ல. யாராவது தட்டையும் டம்ளரையும் ஒதுக்கி வெச்சாங்கன்னா இது ஒட்டற நோய் இல்லைன்னு நேராவே சொல்லிடுங்க, அதுல மட்டும் கூச்சம் வேண்டாம்.

அந்தக் கல்யாண வீடு. இவளைப் பாருன்னு சொன்னவங்களுக்கு கேன்சர்னா என்னன்னு ஒரு படம் மனசுல இருக்கு, மொட்டைத் தலை, ஒட்டின கன்னம், மூலைல ஒரு கட்டில். நீங்க பட்டுச்சேலைல போய் நின்னதும் அந்தப் படம் ஒத்துப் போகல. அதை ஒத்துப் போக வைக்கறது உங்க பொறுப்பு இல்லைங்க. எனக்கு இதுல கோபம் கோபமா வருது, ஏன்னா என்கிட்ட வர்றவங்கள்ல எத்தனையோ பேர் நல்லா இருக்கற நாள்லயும் பழைய நைட்டிலயே உக்காந்திருக்காங்க, ஏம்மான்னு கேட்டா பாக்கறவங்க என்ன நெனப்பாங்கங்கறாங்க. மாசாமாசம் இந்த மாத்திரையை எழுதிக் குடுக்கறதே நீங்க சேலை கட்டி கல்யாணத்துக்குப் போயி பந்தில உக்காந்து சாப்பிட்டுட்டு வரணும்னுதான், ஸ்கேன் ரிப்போர்ட் அழகா வரணும்னு இல்ல. அடுத்த முகூர்த்தத்துக்கும் போங்க, அதே சேலையே கட்டுங்க. யாராவது கேட்டா ஆமாங்க மாத்திரை ஓடிட்டிருக்கு, சாம்பார் நல்லாருக்குன்னு சொல்லிட்டு நகர்ந்துருங்க.

டீயும் பஜ்ஜியும் சாப்பிடுங்க. எண்ணெய்ல இருந்து இப்பத்தான் எடுத்த பஜ்ஜில கிருமி ஒன்னும் உயிரோட இருக்காது, கொதிக்கற டீயும் அப்படித்தான். கண்ணு வைக்க வேண்டியது பக்கத்துல திறந்து வெச்சிருக்கற தேங்காய் சட்னி, பானிபூரித் தண்ணி, வெட்டி வெச்ச பழம், வெளில வாங்கற ஐஸ் போட்ட ஜூஸ் மேலதான், கவுண்ட் எறங்கியிருக்கற வாரத்துல அதுங்க வேண்டாம். பம்ப்ளிமாஸ் பழமும் கிரேப் ஃப்ரூட்டும் மட்டும் எப்பவுமே வேண்டாம், இந்த மாத்திரையோட அளவை ரத்தத்துல ஏத்தி விடற குணம் அதுங்களுக்கு இருக்கு. நாட்டு மருந்து, பொடி, கஷாயம் எது எடுத்தாலும் உங்க டாக்டருக்குத் தெரியாம எடுக்காதீங்க, பூஞ்சைத் தொற்றுக்கும் டிபிக்கும் குடுக்கற சில மாத்திரைங்களும் இதோட மோதும், எந்த டாக்டர்கிட்ட போனாலும் பால்போசிக்ளிப் சாப்பிடறேன்னு முதல்ல சொல்லிடுங்க. பல்லு புடுங்கறதுன்னா எலும்பு ஊசி போடறேன்னு பல் டாக்டர்கிட்ட சொல்லியே ஆகணும், அந்த ஊசி ஓடும்போது பல்லு எடுத்தா சிலருக்கு தாடை எலும்பு ஆறாம நின்னுரும். சினிமாவுக்குப் போலாம், கூட்டமில்லாத மத்தியான ஷோவா பாருங்க, பால்கனி படி இருந்தா கைப்பிடியைப் புடிச்சு ஏறுங்க, இண்டர்வெல்ல பாப்கார்ன் வாங்கிக்கங்க.

வீட்டுக்காரர் ஹால்ல படுக்கறது. அக்கா, அவர் வெறுத்துப் போய் அங்க படுக்கறார்னு நீங்க நெனக்கறீங்க, எனக்கு என்னவோ அவர் பயந்துட்டுத்தான் படுக்கறார்னு தோணுது. கை பட்டா எலும்பு ஒடைஞ்சுருமோ, நோய் தொத்துமோ, நீங்க வேண்டாம்னு நெனக்கறீங்களோ, இதுல ஏதோ ஒன்னு இல்ல மூணும். என் ஓபிக்கு வர்ற ஆம்பளைங்க இதை டாக்டர்கிட்ட கேக்கவே மாட்டாங்க, மாத்திரை வாங்கிட்டு வர்றேன்னு வெளிய போயிடுவாங்க. கட்டிப் புடிச்சுப் படுக்கறதுனாலயோ சேந்து இருக்கறதுனாலயோ கேன்சர் தொத்தாது, கூடவும் செய்யாது. முதுகுக்கும் இடுப்புக்கும் வெயிட் விழாத மாதிரி பாத்துக்கணும், பக்கவாட்டுல படுத்துக்கறது சௌரியம், அவ்வளவுதான். லெட்ரோசோல் சாப்பிட்டா அந்த எடம் வறண்டு எரிச்சல் வரலாம், அது நெறையப் பேருக்கு வர்றது, தண்ணி பதத்துல லூப்ரிகன்ட் ஜெல்லுன்னு மெடிக்கல்ல கேட்டா தருவாங்க, ஹார்மோன் கலந்த க்ரீம் மட்டும் யார் எழுதிக் குடுத்தாலும் உங்க கேன்சர் டாக்டரைக் கேக்காம போடாதீங்க. அடுத்த ஓபிக்கு அவரையும் உள்ள கூட்டிட்டுப் போயி, இவர் என் பக்கத்துல படுக்கலாமான்னு நீங்களே கேட்டுருங்க. டாக்டர் சிரிப்பார், படுக்கலாம்னு சொல்லுவார், உங்க வீட்டுக்காரர் காதுல அது டாக்டர் வாயால விழணும். சும்மா பேசாம பக்கத்துல படுத்திருக்கறதே போதும்னா அதுவும் நல்லதுதான், மத்தது தானா வந்தா வரட்டும், வரலேன்னாலும் போகட்டும்.

பழனி. படி 690க்கு மேல இருக்கு, அதை ஏறாதீங்க. ஏறறதை விட எறங்கறதுலதான் இடுப்புக்கும் முதுகுக்கும் அடி விழும், ஒரு படி வழுக்கினா என்ன ஆகும்னு மேல எழுதிட்டேன். யானைப்பாதை சுலபம்தானேன்னு கேப்பீங்க, எலும்பு டாக்டர் ஓகே சொல்லாம அதுவும் வேண்டாம். விஞ்ச்ல போங்க, ரோப் கார்லயும் போலாம், காத்து அடிச்சா ரோப் காரை நிறுத்திருவாங்க, பராமரிப்புக்கும் நிறுத்தறது உண்டு, அதனால கெளம்பறதுக்கு முன்னாடி ஓடுதான்னு விசாரிச்சுக்கங்க. தைப்பூசம், பங்குனி உத்திரம், கிருத்திகை, ஞாயித்துக்கிழமை இதெல்லாம் விட்டுட்டு ஒரு சாதா செவ்வாய் புதன்ல, மாத்திரை நிக்கற வாரமா பாத்து போங்க. வேண்டுதலுக்கு உங்க பேரைச் சொல்லி மகன் படியேறட்டும், வயசுப் பையன்தானே, நீங்க மேல அவனுக்காகக் காத்திருங்க. முருகன் கோவிச்சுக்குவாரான்னு என்னைக் கேக்காதீங்க, என் படிப்புல அது இல்ல, உங்க மாமியாரைக் கேளுங்க, அந்த விஷயத்துல அவங்க சொல்றதுதான் சரி. பஞ்சாமிர்தத்துல சக்கரை இருக்கே, சக்கரை சாப்பிட்டா கேன்சர் வளரும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சேன்னு அடுத்த லெட்டர் போடாதீங்க. உங்களுக்கு சுகர் இல்லேன்னா தாராளமா சாப்பிடுங்க, வீட்டுக்காரருக்கும் ஒரு டப்பா வாங்கிட்டு வாங்க.